ஈரல் கொண்டுவந்த ஆளு

— விழுப்புரத்துல பஸ் ஏறுனதுலேர்ந்து ஜன்னலையே பாத்துக்கினு வர்ற. திண்டிவனமே வந்துரும், பேசுப்பா.

— இன்னா பேசச் சொல்ற அமலா? ஐஸ் கரையறதுக்குள்ள ஈரலு லேப்புக்குப் போச்சா, அதச் சொல்லு.

— போச்சு. விடியக்காலையில அறுத்ததுன்னு மேடத்துக்கு ரொம்ப சந்தோஷம்.

— எத்தினி வீட்டுக்கு மாட்டுக்கறி போட்டிருக்கேன், காலேஜுக்குப் போட்டது இதான் மொத தபா! அதுல இன்னாதான் தேடற?

— ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ரெண்டு மீட்டர் டிஎன்ஏ இருக்குப்பா, நூலு மாதிரி. சிக்கு விழாம இருக்க, ஹிஸ்டோன்னு புரோட்டீன் உருண்டை மேல அத சுத்தி வச்சிருக்கு. மாட்டு ஈரல்லயும் பட்டாணி முளையிலயும் அத எடுத்து ஒப்பிட்டுப் பாக்கறேன்.

— மாடும் பட்டாணியும் ஒண்ணா? பேஜாரா கீதே!

— அதுல ஒரு புரோட்டீனுக்கு சங்கிலி மாதிரி நூத்தி ரெண்டு கண்ணி. மாட்டுக்கும் பட்டாணிக்கும் ரெண்டே ரெண்டுதான் வித்தியாசம். ரெண்டும் பிரிஞ்சு நூறு கோடி வருஷத்துக்கு மேல ஆயும் மாறல. மாறுனா செல்லு தாங்காது.

— அப்ப எனக்கும் உனக்கும்?

— ஒண்ணுகூட இல்லப்பா... அப்பா, லேப் வாசல்ல மேடம் உன்னக் காட்டி யாருன்னு கேட்டப்ப, "கறிக்கடை ஆளு"ன்னு சொன்னேன். உன் காதுல விழுந்துச்சுல்ல?

— விழுந்துச்சு. கறிக்கடைதான வச்சிருக்கேன், அதுல இன்னா பொய்யி?

— அப்பிடிப் பேசாதப்பா, கூசுது. அஞ்சு வருஷமா காலேஜுல அப்பா விவசாயம்னு சொல்லிக்கினு இருக்கேன். மாட்டுக்கறிக் கடைன்னு தெரிஞ்சா பக்கத்துல உக்காந்து சாப்புடுவாங்களான்னு பயம். உன் கையால டப்பாவ வாங்கிக்கினு, மூஞ்சியக்கூட பாக்காம உள்ள ஓடிட்டேன். நான்லாம் ஒரு பொண்ணா?

— அழாத பாப்பா. பஸ்ல எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும். நாளைக்கு மொத வேலையா மேடம்கிட்ட போயி, அவருதான் எங்கப்பா, சவுரிராயன்னு பேருன்னு சொல்லப்போறேன்.

— வேணாம்மா.

— ஏம்பா? சொன்னாத்தான் எனக்குச் சோறு எறங்கும்.

— நீ உள்ள போனப்புறம் அந்தம்மா எனக்கு சேர் போட்டு, டீ வாங்கிக் குடுத்து, தங்கமா பேசுனாங்க. உங்களுக்கு எத்தினி புள்ளைங்கன்னு கேட்டாங்க. ஆண்டவரு ஒண்ணும் குடுக்கலம்மான்னு சொல்லிட்டேன்.