மூன்று நாள் மௌனம்

இங்கே சாப்பாடு நன்றாக இருக்கிறது. கிச்சடிக்கு நெய்யைத் தாராளமாக ஊற்றுகிறார்கள். எம்.டி. எங்கே என்று விசாரிக்கக் கம்பெனி போர்டு அனுப்பிய அதிகாரி நீங்கள். வாயால் பதில் சொல்வதுதான் மரியாதை. நான் மௌனத்தில் இருப்பதால் எழுதித் தருகிறேன்.

ஆமாம், எங்கள் எம்.டி. சாஹ்னி சாபை இந்தச் சத்தர்பூர் பண்ணை வீட்டில் கொண்டுவந்து விட்டவன் நான்தான். என் பெயர் பட்டாபி, அவருடைய செயலாளர். ஓக்லாவில் ஏர் கூலர் செய்கிறோம். தில்லி வெயில் இருக்கும்வரை அந்தத் தொழிலுக்குக் குறைவில்லை. ஆனால் சாஹ்னி சாப் விமான நிலையத்தில் நிர்வாகப் புத்தகங்கள் வாங்குவார். ஒன்றைப் படித்துவிட்டு நாற்காலிகளை அகற்றினார். நின்றுகொண்டே பேசினால் மீட்டிங் சீக்கிரம் முடியுமாம். என் கால் வீங்கியதுதான் மிச்சம். இன்னொன்றைப் படித்துவிட்டு, விடிவதற்கு முன் எழுந்து அன்றைய லட்சியத்தை வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னார். என் லட்சியம் தூங்குவது. அதை எழுத முடியுமா?

பொறுத்துக்கொண்டேன். ஏப்ரல் மாதம், நல்ல விற்பனை நேரத்தில், கூலர் செய்வதை நிறுத்திவிடலாம் என்றார். இனி நாம் விற்கப்போவது குளிர்ச்சி என்ற அனுபவமாம். தொழிற்சாலையை மூடும் உத்தரவைத் தட்டச்சு செய்யச் சொன்னார். கீழே முந்நூறு பேர் கூலருக்கு மோட்டார் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு பெரிய முடிவுக்கு முன் மூன்று நாள் மௌனம் இருந்தால் நல்லது சாப் என்றேன். மௌனத்தைப் பற்றியும் ஒரு புத்தகம் படித்திருந்தார் போல, உடனே சம்மதித்தார்.

இங்கே வந்த மூன்றாம் நாள் உத்தரவைத் தன் கையாலேயே எழுதி நீட்டினார். என் அப்பா கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு மத்திய சர்க்காரில் குமாஸ்தாவாக ஆயுளைக் கழித்தவர். எந்த ஃபைலையும் அவர் நிராகரித்ததில்லை. ஓரத்தில் 'விளக்கம் தேவை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார், அவ்வளவுதான். நானும், 'அனுபவத்தின் நீள அகலம் என்ன? விளக்கம் தேவை' என்று எழுதிக் கொடுத்தேன். சாஹ்னி சாப் கண்கலங்கினார். தன் யோசனையை இத்தனை அக்கறையாக யாரும் படித்ததில்லை என்று எழுதிக் காட்டிவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்தார். தீபாவளி போய்விட்டது. இன்னும் எழுதுகிறார்.

நடுவில் ஒருமுறை வாய்விட்டு, வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். பேச ஆசை வந்தால் மௌனம் கனிந்துவிட்டது என்று அர்த்தம், அப்போது கும்பிட வேண்டும் என்று வேலைக்காரர்களிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன். கும்பிட்டார்கள். அவர் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டார். போன், கார் சாவி, செருப்பு எல்லாம் என்னிடம் பத்திரமாக இருந்தன. அவர் மனைவியிடம் நான் எதையும் மறைக்கவில்லை. இதை வருஷா வருஷம் செய்ய முடியுமா என்றுதான் அந்த அம்மாள் கேட்டார்.

அந்தக் கோடையில் ஒரு கூலர்கூட மிஞ்சவில்லை. போர்டு சந்தோஷப்பட்டு என்னைத் தற்காலிக எம்.டி. ஆக்கியது. இதில் குற்றம் எங்கே இருக்கிறது?

பதவி வந்ததும் எனக்கும் விடிவதற்கு முன் விழிப்பு வந்தது. அது இயற்கை. என் மனைவி ஜெயலட்சுமியையும் எழுப்பி அன்றைய லட்சியத்தைக் கேட்பேன்.

"ஏன்னா, ஆத்துல என்ன மீட்டிங்? பால்கார பையா வந்துடுவான், ஜல்தி பாத்திரத்தை எடுத்து வைங்கோ" என்பாள்.

தொலைநோக்கு இல்லாதவள். எனக்கோ ஒரு பெரிய யோசனை உதித்திருந்தது. தில்லியில் தண்ணீர்ப் பஞ்சம். ஆகவே, இனி தண்ணீரே தேவைப்படாத கூலர் மட்டும்தான். பழையதை நிறுத்திவிட வேண்டியது. மோதி பாக் காலனியில் வளர்ந்த மஞ்சு இப்போது எனக்குச் செயலாளர். அவளைத்தான் முதலில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"சார், அது ஃபேன்தானே?" என்றாள்.

பிறகு கண்ணாடி வழியாகக் கீழே வேலை செய்கிறவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவ்ளோ பெரிய முடிவு சார். ஒரு மூணு நாள் மௌனம் இருந்துட்டு வாங்களேன். ரொம்ப அச்சா இடம் ஒண்ணு இருக்கு, நானே புக் பண்றேன்."

அவள் தேர்ந்தெடுத்ததும் இதே வீடு. சாஹ்னி சாப் பக்கத்து அறை; காலையில் கை அசைப்பார். என் போனும் கார் சாவியும் செருப்பும் மஞ்சுவிடம் பத்திரமாக இருக்கின்றன. போன வாரம் என் திட்டத்தை எழுதிக் கொடுத்தேன். இன்று திரும்பி வந்தது, ஓரத்தில் அவள் கையெழுத்துடன்: 'தண்ணீர் என்பது எது? விளக்கம் தேவை.'

கெட்டிக்காரப் பெண். என் யோசனையை இத்தனை அக்கறையாக யாரும் படித்ததில்லை. உங்களுடைய மற்ற கேள்விகளைப் பிறகு பார்க்கலாம், முதலில் அவளுக்குப் பதில் எழுத வேண்டும்.