சஹனில் ஓர் இடம்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை. பிற்பகலில் மழை பெய்தது. துறைமுகத்தடியில் கிண்ணியா பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ஓர் ஆசிரியையும் அவருடைய தம்பியும் இருந்தனர். மறுநாள் ஆசிரியையின் மகளுக்குத் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் வேறு ஜமாஅத் பிரிவினர் என்று தம்பி வர மறுத்திருந்தார்.

"தொழுற திசை, கிப்லா, தெரியாத இருட்டில நாலு பேர் நாலு பக்கம் பார்த்துத் தொழுதா, நாலு தொழுகையும் கூடும், பிழையில்ல எண்டுதான் அந்தக் காலத்து இமாம்மார் எழுதியிருக்காங்க, ராத்தா."

"அப்ப உனக்கு என்ன குறை?"

"ஒருத்தருக்குப் பின்னால மற்றவர் நிண்டு தொழ ஏலாது எண்டும் எழுதியிருக்கு. பிழையெண்டு நினைக்கிற பக்கம் பார்த்து எப்படி நிக்கிறது?"

"சரி. தொழுது முடிச்ச அந்த நாலு பேரும் தனித்தனியாவா இருந்து சாப்பிட்டாங்க?"

"சோத்தைப் பத்தி அதில ஒண்டும் இல்ல."

"அப்ப நீ உன்ட பள்ளியில தொழுதிட்டு வா. ஒரே சஹன் தட்டைச் சுத்திச் சாப்பிட இருக்கேக்க ஆரும் கிப்லா பார்க்கிறதில்ல. தாய்மாமன்ட இடம் வெறுமையா கிடந்தா புள்ள அழும்."

பஸ் பாலத்தைக் கடந்ததும் தம்பி அக்கா பக்கம் திரும்பினார்.

"இறைச்சி கூடின பக்கமா இடம் வை, ராத்தா."

ஆசிரியை சிரித்தார். எனக்கும் மூச்சு இலகுவாக வந்தது.

இன்னும் செய்யாதவை:
இறந்த மனைவியின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அரிசி வாங்குதல்.
ஐயருக்குச் சொல்லுதல்.
கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிய என் தம்பியிடம், கிரியைக்கு வராவிட்டாலும் சாப்பாட்டுக்கு வா என்று சொல்லுதல்.