நான்கு தட்டுப் பெட்டியில் மிச்சமுள்ள வரிகள்

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. வயது இருபத்தேழு. அச்சகம் ஒன்றில் பக்க வடிவமைப்பு வேலை செய்கிறேன். மூன்று மாடிக் கட்டிடத்தின் இரண்டாவது மாடியில், படிக்கட்டை ஒட்டிய வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, அண்ணன் மகள் ஆகியோருடன் வாடகைக்குக் குடியிருக்கிறேன். தொழில் என்ற இடத்தில் முதலில் "வீட்டில் இருப்பவர்" என்று எழுதப்பட்டிருந்தது. நான் கேட்டுக்கொண்டதன் பேரில் அது அடித்துத் திருத்தப்பட்டது.

என் அண்ணன் அட்டைப்பெட்டி ஆலையில் ஒன்பது வருடமாக அழுத்து இயந்திரத்தில் வேலை பார்த்து வந்தார். கடந்த பிப்ரவரி 11ஆம் தேதி பகல் பதினொன்றரை மணிக்கு அந்த இயந்திரத்தில் அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. இயந்திரத்தின் முன்னால் இருக்க வேண்டிய கம்பிக் கதவை, வேலை சுணங்குகிறது என்று சொல்லி மேற்பார்வையாளர் ஒரு மாதத்துக்கு முன்பே கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டார் என்பது அண்ணனும் உடன் வேலை செய்தவர்களும் சொல்வது. அண்ணனே அதைக் கழற்றிவிட்டுக் கையை விட்டார் என்பது ஆலை சொல்வது. அந்த இயந்திரத்துக்கு நேர் மேலே கேமரா ஒன்று இருக்கிறது.

அதன் பிறகு மறுநாள் மாலை ஆலை மேலாளர் மருத்துவமனைக்கு வந்து, அண்ணன் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இருந்தபோது, கம்பிக் கதவைத் தானே கழற்றியதாக அண்ணன் ஒப்புக்கொள்வது போல் எழுதிய ஒரு தாளை நீட்டினார். வலது கை கட்டுப் போட்டிருக்கிறது, கையெழுத்துப் போட முடியாது என்று அண்ணி சொன்னதற்கு அவர், "இடது பெருவிரல் நல்லாத்தானே இருக்கு, அதுல ஒத்தச் சொல்லுங்க" என்றார். மை டப்பாவையும் அவரே கொண்டுவந்திருந்தார். அண்ணி தாளை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். அது இப்போது தொழிலாளர் நீதிமன்றத்தில் அண்ணன் போட்டிருக்கும் நஷ்டஈட்டு வழக்கில் ஒரு ஆவணமாக இருக்கிறது.

இனி, நான் திருடியதாகச் சொல்லப்படும் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் திரை உடைந்த பழைய லேப்டாப் ஒன்றைச் சர்வராக வைத்திருக்கிறேன். வீட்டுக்கு எதற்குச் சர்வர் என்று காவல் ஆய்வாளர் இரண்டு முறை கேட்டார். "என்னம்மா, கம்பெனி எதுவும் நடத்துறீங்களா? இல்ல வீட்டுக்காரர் வச்சுக் குடுத்ததா?" என்றும் கேட்டார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் கட்டிடத்தில் ஆறு குடும்பங்கள் இருக்கின்றன. யாருடைய போனிலும் இடம் இல்லை. போன் தண்ணீரில் விழுந்து, பிள்ளை பிறந்த நாளிலிருந்து எடுத்த படம் எல்லாம் போய் அழுதவர்கள் அந்த ஆறில் இரண்டு வீட்டார். அதனால் எல்லோருடைய படங்களையும், சான்றிதழ்களின் நகல்களையும் அந்த லேப்டாப்பில் சேர்த்து வந்தேன். அதிலும் இடம் போதவில்லை. வெளியே வைத்து இணைக்கும் ஹார்டு டிஸ்க் பெட்டி ஒன்று தேவைப்பட்டது. புதிதாக வாங்க வழியில்லை.

அதன் பிறகு மார்ச் 20ஆம் தேதி மாலை, அச்சகம் விட்டு வரும் வழியில் இருக்கும் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் தராசு அண்ணன் என்று கூப்பிடுவார்கள். அங்கே கால் உடைந்த நாற்காலிகளுக்கு அடியில், நான்கு ஹார்டு டிஸ்க்குகளைச் சொருகும்படியான கறுப்புப் பெட்டி ஒன்று கிடந்தது. உள்ளே ஹார்டு டிஸ்க் ஒன்றுகூட இல்லை. ஹார்டு டிஸ்க்கைத் தாங்கும் நான்கு தட்டுகளில் மூன்றாவதையும் காணவில்லை. மின்சாரம் கொடுக்கும் அடாப்டரும் இல்லை. முதுகில் ஆலையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஆலை வாட்ச்மேன் உடைந்த நாற்காலிகளோடு சேர்த்து வண்டியில் கொண்டுவந்து போட்டதாகத் தராசு அண்ணன் சொன்னார். அவர் அதை இரும்போடு இரும்பாக நிறுத்து, "இரும்பு, நாலு கிலோ" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இப்போது காவல் நிலையத்தில் இருக்கிறது. அதில் பெட்டி என்று எழுதவில்லை என்பதைக் குற்றமாக என்னிடம் கேட்கிறார்கள். எழுதியவர் அவர். அவரிடம் நேற்று கேட்டபோது, "தாயி, நான் இரும்பு வாங்குறவன். எனக்கு நேத்து சாப்பிட்டதே ஞாபகம் இல்ல" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

ஸ்டிக்கரைப் பார்த்ததும் அண்ணன் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான். "மூணு விரலை வாங்கிக்கிட்டவன் ஒரு காலிப் பெட்டியாவது குடுத்தானே, வச்சுக்க பாப்பா" என்றார். அதன் பிறகு நான் பழைய பிரிண்டர் ஒன்றின் அடாப்டரை எடுத்து, அதன் முனையை வெட்டி, இந்தப் பெட்டிக்குப் பொருந்தும் முனையைச் சூடு வைத்து ஒட்டினேன். பெட்டிக்கு ஒத்துவரும் அடாப்டர் அது ஒன்றுதான். ஒட்டிய இடத்தில் பச்சை டேப் சுற்றியிருக்கிறேன். காணாமல் போன தட்டுக்குப் பதிலாக எவர்சில்வர் ஸ்கேலை இரண்டாக வெட்டி வைத்தேன். உள்ளே இருந்த விசிறி ஓடவில்லை, பெட்டி சூடானது, ஆகவே வேறு விசிறி மாற்றினேன். அது சற்றுப் பெரிது. ஆடாமல் இருக்கத் தீப்பெட்டி அட்டைத் துண்டைச் செருகினேன். அப்படியும் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். அண்ணன் இடது கையில் டார்ச் பிடித்தார். திருகாணிகளை அண்ணி எடுத்துக் கொடுத்தார். பல இடங்களில் சேர்த்த நான்கு பழைய ஹார்டு டிஸ்க்குகளைப் போட்டு, ஒரே கம்பியில் லேப்டாப்புடன் இணைத்தேன். அன்றிலிருந்து பெட்டியை அணைக்கவே இல்லை. சர்வர் என்றால் அணையாமல் ஓட வேண்டும். கரண்டு போனாலும் ஓடும்படி அச்சகத்தில் கழித்துக் கட்டிய யுபிஎஸ் ஒன்றையும் வைத்திருந்தேன்.

அதன் பிறகு ஜூன் 18ஆம் தேதி ஆலை நிர்வாகம் தொழிலாளர் நீதிமன்றத்தில் பதில் மனு போட்டது. கேமராப் பதிவுகள் சேமிக்கப்படும் பெட்டி பிப்ரவரி 9ஆம் தேதியே, அதாவது விபத்துக்கு இரண்டு நாள் முன்பே, ஹார்டு டிஸ்க்குகளோடு காணாமல் போய்விட்டது, ஆகவே விபத்து நாளின் பதிவு இல்லை என்று அதில் எழுதியிருந்தார்கள். அண்ணியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன், பெட்டி இருந்த அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் வீட்டில் ஓடுவது எந்தப் பெட்டி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பெட்டியின் முகப்பில் இரண்டு வரி தெரியும் சின்னத் திரையும் இரண்டு பொத்தானும் உண்டு. தனக்கு நடந்ததை எல்லாம் அந்தப் பெட்டி தேதி, நேரத்தோடு தன்னுள்ளேயே குறித்து வைத்துக்கொள்ளும். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டாலும் அந்தக் குறிப்பு போகாது. உள்ளே காசு அளவு பேட்டரி ஒன்று கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும். கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடுகிறது. மறுநாள் காலை நான் பொத்தானை அழுத்தி அழுத்திப் பழைய வரிகளுக்குப் போனேன். பிப்ரவரி 12, காலை 9.41, முதல் ஹார்டு டிஸ்க் எடுக்கப்பட்டது. அதே 9.41, இரண்டாவது. 9.42, மூன்றாவது. 9.42, நான்காவது. 9.43, பெட்டி அணைக்கப்பட்டது. 9ஆம் தேதி திருடு போனதாகச் சொல்லப்படும் பெட்டி, அண்ணனுக்கு விரல் போன மறுநாள் காலைவரை அணையாமல் ஓடியிருக்கிறது. எடுத்தவர்களுக்குப் பெட்டிக்குள்ளும் எழுத்து இருக்கும் என்பது தெரியவில்லை. வெறும் கூடு என்று நினைத்து நாற்காலிகளோடு தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

ஆனால் அந்தப் பெட்டியில் இருபது வரிகள்தான் நிற்கும். இருபதும் நிறைந்திருந்தன. புதிதாக ஒரு வரி வந்தால் மிகப் பழைய வரி ஒன்று போய்விடும். போட்டால் ஒரு வரி, அணைத்தால் ஒரு வரி. நான் சொன்ன வரிகளுக்கு முன்பு, ஜனவரி மாதத்தில் பெட்டி சூடானதைப் பற்றிய பழைய வரிகள் ஆறு இருந்தன. அப்படியென்றால் மூன்று முறை போட்டு அணைத்தால் அந்த ஆறும் தீரும். நான்காவது முறை கை வைத்தால் பிப்ரவரி 12 அழியத் தொடங்கும். நான் போனில் படம் எடுத்தேன். போனும் இப்போது காவல் நிலையத்தில் இருக்கிறது. படம் யார் வேண்டுமானாலும் செய்யலாம், பெட்டியையே நீதிமன்றத்தில் காட்ட வேண்டும் என்றார் அண்ணனின் வக்கீல். ஜூன் 24ஆம் தேதி அவர் அதற்கு மனு கொடுத்தார். மனுவின் நகல் ஆலைக்கும் போனது. நான்கு மாதமாகக் காணாமல் போயிருந்த பெட்டிக்கு ஜூன் 26ஆம் தேதிதான் ஆலை திருட்டுப் புகார் கொடுத்திருக்கிறது. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு 27ஆம் தேதி காலை ஏழு மணிக்கு ஆய்வாளரும் மூன்று காவலர்களும் வீட்டுக்கு வந்தார்கள். நான் முறைப்படி அணைத்துத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு காவலர் வயரைப் பிடுங்கினார். ஒரு வகையில் அது நல்லதாகப் போனது. பிடுங்கினால் பெட்டிக்கு எழுத நேரம் இருக்காது, வரி எதுவும் போயிருக்காது. அவர்கள் படி இறங்கும்போது கீழ்வீட்டு அக்கா வழியை மறித்து, "என் மக டென்த் சர்டிபிகேட்டு அதுக்குள்ள இருக்கு. அவ கல்யாண வீடியோ இருக்கு. பாத்து பிடிங்கய்யா, பச்சப்புள்ள மாதிரி" என்று சொன்னார். காவலர் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

காவல் நிலையத்தில் அன்றைக்கே, திருட்டுப் படம் ஏதாவது இருக்கிறதா பார்ப்போம் என்று ஆய்வாளர் பெட்டியைப் போடச் செய்து, பிறகு அணைத்தார். அது முதல் முறை. மறுநாள் விசாரணைக்கு என்னை அழைத்திருந்தபோது ஆலை மேலாளர் வந்து, தங்களுடையதுதானா என்று அடையாளம் காட்டப் போட்டுக் காட்டச் சொன்னார். அது இரண்டாம் முறை. ஸ்டிக்கர் முதுகில் இருக்கிறது, அதைப் பார்க்க எதற்குக் கரண்டு என்று நான் கேட்டேன். "உன்னைப் பேசச் சொல்லல" என்றார்கள். மேலாளர் என்னைப் பார்த்து, "அண்ணனுக்கு விரல் இல்ல, தங்கச்சிக்குக் கை நீளம்" என்று சொல்லிச் சிரித்தார். அங்கிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆய்வாளர் சிரிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் திருடவில்லை. தெருவில் எல்லோரும் பார்க்க எடை போட்டு வாங்கினேன். பெட்டி ஆலையுடையதாக இருந்தது என்பதை நான் ஒருபோதும் மறுக்கவில்லை, மறுத்தால் நஷ்டம் எனக்குத்தான். தன் பொருள், திரும்ப வேண்டும் என்று மேலாளர் மனு கொடுத்திருப்பதாக இன்று, ஜூன் 30ஆம் தேதி, இங்கே வந்ததும் தெரிந்துகொண்டேன். அதை அவரிடம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ஒரு விரலால், போட்டு அணைக்கும் பொத்தானை ஏழு தடவை அழுத்தினால் போதும், என் அண்ணனின் வழக்கு முடிந்துவிடும்.

இதுவரை எழுதியதை எழுத்தர் அம்மா எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையிலிருந்து டிக் டிக் என்ற சத்தம் கேட்டது. அது என் விசிறியின் சத்தம். நான் எழுந்து, "யாரு அதைப் போட்டது?" என்று கேட்டேன். எழுத்தர் அம்மா, "உட்காருமா, நான் பாக்குறேன்" என்று போனார். சத்தம் நின்றது. ஆலையிலிருந்து ஒருவர் வந்து, ஓடுகிறதா என்று சும்மா பார்த்ததாக எழுத்தர் அம்மா திரும்பி வந்து சொன்னார். அது மூன்றாம் முறை. பழைய வரி ஆறும் தீர்ந்தன என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இனி யார் போட்டாலும், எதற்காகப் போட்டாலும், பிப்ரவரி 12 காலை 9.41 போய்விடும்.

இதையும் சேர்த்து எழுதும்படி கேட்டேன். ஆய்வாளர் வந்து, அது தேவையில்லை, முடிந்த வாக்குமூலம் என்றார். எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். அடாப்டர் இல்லாமல் பெட்டியைப் போட முடியாது, ஆகவே அதைத் தனியாக உறையில் போட்டு, அரக்கு வைத்து, நீதிபதி முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் எழுத்தர் அம்மாவிடம், "எழுதுங்க" என்றார். அதன் பிறகு அடாப்டர் கொண்டுவந்து என் முன்னால் மேஜையில் வைக்கப்பட்டது. பச்சை டேப்பைப் பார்த்து என்னுடையதுதான் என்று அடையாளம் சொன்னேன். தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. எழுத்தர் அம்மாவையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவரும் தொட்டுப் பார்த்தார். அதுவும் எழுதப்பட்டது. பிறகு உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள்.

படிக்கக் கேட்டேன். நான் சொன்னதுதான் எழுதப்பட்டிருக்கிறது, நடந்ததைத்தான் சொல்லியிருக்கிறேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. நான்தான் வற்புறுத்தினேன்.

(கையெழுத்து)

சாட்சி: அடாப்டரைத் தொட்டவர், நிலைய எழுத்தர்.
(கையெழுத்து)