அத்தான் அடித்த அவசரப் பத்திரிகை

இந்த வாழ்த்தரங்கின் நடுநாயகமாக வீற்றிருக்கும் அவைத்தலைவர், மணமகள் வேலை பார்க்கும் மருத்துவமனையின் தலைமைச் செவிலியர் அம்மையார் அவர்களே! மூட்டுவலியை மறந்து முன்வரிசையில் முகம் மலர்ந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் என் பேச்சைக் காதிலும் ஒருசேரத் தாங்கிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! கண்ணை உணவுக்கூடத்தின் கதவில் வைத்துவிட்டுக் காதை மட்டும் எனக்குக் கடன் கொடுத்திருக்கும் உற்றார் உறவினர்களே! இத்தனை பேர் கூடியிருந்தும் இருவர் மட்டுமே இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும் மணமக்களே! மணமகளின் சித்தியாகிய நான் உங்கள் அனைவரையும் வணங்கி மகிழ்கிறேன்.

சுருக்கமாகப் பேசச் சொல்லி, மணமகளின் தாயாராகிய என் அக்கா கண்ணாலேயே கட்டளையிடுகிறாள். கல்லூரியில் பாடம் நடத்துகிறவளிடம் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டுச் சுருக்கத்தைக் கேட்டால் எப்படி?

மணமகளின் தந்தை, என் அத்தான், பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எந்த ஓட்டுநர் எங்கே நின்று தேநீர் குடிக்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அவர் பேனா. ஊரையே நேரத்துக்கு ஓட்டுகிற அந்த உத்தமர், ஒரே ஒரு கல்யாணப் பத்திரிகையை எப்போது கொடுப்பது என்பதில் தடுமாறித் தத்தளித்துத் தலையைப் பிய்த்துக்கொண்ட கதையைத்தான் சொல்லப்போகிறேன். அத்தான், கோபிக்காதீர்கள். கோபித்தாலும் பயனில்லை, ஒலிவாங்கி என் கையில் இருக்கிறது!

திருமணம் நிச்சயமானதும் வீட்டில் போர் மூண்டது. பெண்ணைப் பற்றியா? இல்லை. மாப்பிள்ளையைப் பற்றியா? இல்லை. பத்திரிகையைப் பற்றி!

என் அக்கா தையல்கடை வைத்திருப்பவள். துணி வெட்டிக்கொண்டே சொன்னாள்: "இப்பவே கொடுத்தா எல்லாரும் மறந்துடுவாங்க. என் கடைக்கு வர்றவங்களைப் பாருங்க, நாளைக்கு விசேஷம்னா இன்னைக்குத்தான் அளவு கொடுக்கவே வர்றாங்க. கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னாடி கொடுத்தாப் போதும்."

அத்தான் விடுவாரா? "கடைசியில கொடுத்தா, ஆள் குறையுதுன்னு கூப்பிடறான்னு நினைப்பாங்க. எனக்குத் தெரியாதா அந்த வலி?"

அந்த வலி என்று அவர் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. அவருக்கு ஒரே ஒரு உடன்பிறப்பு, ஓர் அக்கா. மணமகளுக்கு அவர் அத்தை. அத்தை என்றே நானும் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் அந்த அத்தையின் மகனுக்குத் திருமணம் நடந்தது. ஊரெல்லாம் பத்திரிகை போய்ச் சேர்ந்தது. உடன்பிறந்த தம்பிக்கு மட்டும் அது கல்யாணத்துக்கு முதல்நாள்தான் வந்தது. "ஊரான் வீட்டுக்கெல்லாம் கொடுத்துட்டு, மிச்சம் இருந்ததை எனக்கு அனுப்பியிருக்கா" என்று அத்தான் முறுக்கிக்கொண்டார். போகவில்லை. தம்பி வரவில்லையே என்று அத்தை குமைந்தார். கேட்கவில்லை. அதன்பிறகு அக்காவும் தம்பியும் பேசவே இல்லை.

ஆகவே அத்தானே வென்றார். அவசர அவசரமாக அச்சடித்தார், அள்ளி அள்ளிக் கொடுத்தார்! விளைவு? பணிமனையில் நடத்துநர் ஒருவர் ஒருநாள் அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கி, "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா சார்? வர முடியலை, மன்னிச்சுக்கங்க" என்றாராம்! கல்யாணத்துக்கு இன்னும் எத்தனையோ வாரம் கிடந்தது. பக்கத்து வீட்டில் பத்திரிகையின் பின்புறம் பிள்ளை பூனை வரைந்து வைத்திருந்தது. மூன்றாவது வரிசையில் சிரிக்கிறீர்களே, நீங்கள்தானே அந்தப் பக்கத்து வீடு? பூனை நன்றாகவே இருந்தது, குறை சொல்லவில்லை.

அத்தைக்கும் ஒரு பத்திரிகை போனது. நேரில் போய்க் கொடுக்க வீம்பு விடவில்லை, கொடுக்காமல் இருக்கப் பாசம் விடவில்லை. அத்தான் யாரிடமும் சொல்லாமல் தபாலில் சேர்த்துவிட்டார். என் அக்கா பார்த்தும் பாராததுபோல் இருந்துவிட்டாள். பதில் எதுவும் வரவில்லை.

இந்த நிலையில்தான் மண்டபத்திலிருந்து அழைப்பு. தண்ணீர்த்தொட்டி கசிந்து, கூரைப்பலகை இடிந்து விழுந்துவிட்டது. ஒரு வாரம் தள்ளிவைக்க வேண்டும் என்றார்கள். ஏன் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறீர்கள்? இதே கூரைதான். இப்போது உறுதியாக இருக்கிறது, உட்காருங்கள்!

அட்டவணை போடுகிற அத்தானின் அட்டவணையே ஆட்டம் கண்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசினார். தேதி மாறிவிட்டது என்று ஒரு வரி சொன்னால், எதிர்முனையிலிருந்து ஒன்பது கேள்வி! "ஏன் தள்ளிப்போச்சு? மாப்பிள்ளை வீட்டுல ஏதாவது பிரச்சினையா? எங்ககிட்ட மறைக்காதீங்க."

"கூரை விழுந்துடுச்சுங்க!"

"சரி சரி, வெளியில கூரைன்னே சொல்லிக்கலாம்."

மறுக்க மறுக்க வதந்தி வளர்ந்தது. மணமகனோ மின்தூக்கி பழுதுபார்க்கும் பொறியாளர், மாடிமாடியாய் ஏறி இறங்குபவர். அவரிடமே ஒருவர் வந்து தோளைத் தட்டி, "மனசை விட்டுடாதீங்க தம்பி, வேற நல்ல பொண்ணா அமையும்" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்! மாப்பிள்ளை, உண்மைதானே? பாருங்கள், தலையாட்டுகிறார்.

எல்லாரிடமும் பேசிய அத்தான், அத்தையிடம் மட்டும் பேசவில்லை. தொலைபேசியை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார், மறுபடியும் வைத்தார். "வரவா போறா? எதுக்குச் சொல்லணும்?" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார்.

பழைய தேதி வந்தது. அன்று காலை நான் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தானின் தொலைபேசி மணி அடித்தது. மண்டபத்தில் சுண்ணாம்பு அடிக்கிற பெயின்டர் பேசினார். "சார், இங்க ஒரு அம்மா பெட்டியோட வந்து உக்காந்திருக்காங்க. கல்யாணம் எங்கன்னு கேக்கறாங்க. பத்திரிகையில உங்க நம்பர் இருந்துச்சு."

அத்தான் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். என் ஸ்கூட்டரில்தான் ஏற்றிப் போனேன்.

மண்டபக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே சாரம், ஏணி, சிந்திய சுண்ணாம்பு. அத்தனைக்கும் நடுவில், பெயின்டர் துடைத்துக் கொடுத்த முக்காலியில், பட்டுச்சேலை கசங்காமல், பெட்டியைக் காலருகே வைத்துக்கொண்டு, தனியாக அமர்ந்திருந்தார் அத்தை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

தம்பியைப் பார்த்ததும் அவர்தான் முதலில் பேசினார். "என்னடா, ஒருத்தரையும் காணோம்? நான்தான் முதல்ல வந்துட்டேனா?"

"தேதி மாறிப்போச்சு அக்கா. அடுத்த வாரம்."

"எனக்குச் சொல்லலையே?"

அத்தான் தரையைப் பார்த்தார். "நீ வரப்போறதில்லைன்னு நினைச்சுட்டேன்."

அத்தை பெட்டியை ஓரமாக நகர்த்திவைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "என் பையன் கல்யாணத்துக்கு உனக்கு ஏன் கடைசியில பத்திரிகை வந்துச்சு, தெரியுமாடா? வெளியாளுக்குத்தான் முன்னாடியே கொடுக்கணும், அவங்கதான் கோவிச்சுப்பாங்க. நீ பத்திரிகை இல்லாமலே முன்னாடி வந்து நிப்பேன்னு இருந்தேன். உன் பிள்ளை மாதிரிதானே அவன்? நீ வரலைன்னதும், சும்மா ஒப்புக்கு ஒண்ணை அனுப்பி வச்சேன். அப்பவும் நீ வரலை. வாசலையே பாத்துட்டு நின்னேன்டா."

அவையோரே! அட்டவணை போடுகிற என் அத்தான், அந்தச் சுண்ணாம்புத் தரையில் அக்காவின் காலடியில் அப்படியே உட்கார்ந்து அழுதார். ஏணியில் நின்ற பெயின்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, அடித்த இடத்திலேயே அடித்துக்கொண்டிருந்தார்.

பிறகென்ன? அத்தை ஊருக்குத் திரும்பவில்லை. அந்த வாரம் முழுவதும் தம்பி வீட்டில்தான். தொலைபேசியைத் தம்பியின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "கல்யாணம் நின்னுடுச்சா? யார் சொன்னது? நானே வந்து உக்காந்திருக்கேன், அப்புறம் எங்க நிக்கறது?" என்று அவர் அதட்டிய அதட்டலில் வதந்தி வாலைச் சுருட்டிக்கொண்டது. அந்த அத்தையே வந்துவிட்டார் என்றால் கல்யாணம் நிச்சயம்தான் என்று ஊர் நம்பியது. இன்று மண்டபம் நிரம்பி வழிகிறதே, இது அத்தானின் அட்டவணையால் நிறைந்த மண்டபமா? அத்தையின் அதட்டலால் நிறைந்த மண்டபம்!

பத்திரிகையை எப்போது கொடுக்கலாம்? ஊராருக்கு உரிய காலத்தில் கொடுங்கள். மறக்காத அளவுக்குப் பிந்தியும், பயணச்சீட்டு எடுக்கிற அளவுக்கு முந்தியும் கொடுங்கள். மண்டபத்தின் கூரையை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத் தேதியை அச்சடியுங்கள். ஆனால் உடன்பிறந்தவர்களுக்கு? வருவான் என்று நம்பி அக்கா சொல்லாமல் இருந்தார். வரமாட்டாள் என்று நினைத்துத் தம்பி சொல்லாமல் இருந்தார். நம்பிக்கையும் சொல்லவில்லை, நம்பிக்கையின்மையும் சொல்லவில்லை! இடையில் எத்தனை ஆண்டுகள் எரிந்து போயின! மணமக்களே, உங்களுக்குள் எதையும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். பசித்தால் சொல்லுங்கள், வலித்தால் சொல்லுங்கள், பிடித்தால் சொல்லுங்கள். தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்!

மணமக்களை வாழ்த்த அடுத்து மேடைக்கு வரவேண்டியவர் அத்தை. அவரை அழைக்கும் பொறுப்பு என்னுடையது என்று நிகழ்ச்சிநிரல் சொல்கிறது. நான் அழைக்கப்போவதில்லை. அத்தான், எழுந்திருங்கள். ஒலிவாங்கியெல்லாம் வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே கூப்பிடுங்கள்.

என்ன சொன்னார், பின்வரிசைக்குக் கேட்டதா? கேட்கவில்லையா? "அக்கா, வா" என்றார். அவ்வளவுதான். அதோ, அத்தை எழுந்துவிட்டார். அம்மா, வழி விடுங்கள், அந்த நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், பிள்ளைகளை அடக்கிவைத்த தாய்மார்க்கும், மணி அடிக்காமல் மன்னித்த தலைவர்க்கும், மேடையை இனி அத்தைக்குத் தந்து விடைபெறும் இந்தச் சித்தியின் நன்றி. மணமக்கள் வாழ்க! வணக்கம்.