தம்பி குடிப்பதில்லை என்பது குறித்து

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை படிவத்தின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. வயது ஐம்பத்திரண்டு. மருத்துவமனைகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கடந்த திங்கட்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு நடைபாதையில் ஏறி மருந்துக்கடைச் சுவரில் மோதிய நகரப் பேருந்தின் ஓட்டுநர் என் உடன்பிறந்த தம்பி. என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து சொல்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு எனக்கு விரல் மூட்டுகளில் வலியும் ஓயாத அசதியும் இருந்தன. ரத்தம் குறைவாக இருக்கும் என்று நானே முடிவு செய்து, கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கி நான்கு மாதம் விழுங்கினேன். அசதி கூடியது. அதன் பின்பு டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "எல்லாரும் இரும்பு பத்தலைன்னு வருவாங்க. உங்களுக்கு ஏகத்துக்கும் தேங்கிக் கிடக்கு" என்றார். பிறவியிலேயே வருவது, சாப்பாட்டிலிருந்து உடம்பு தேவைக்கு மேல் இரும்பை எடுத்துக்கொள்ளும், வெளியேற்றத் தெரியாமல் ஈரலிலும் இதயத்திலும் சேர்த்து வைக்கும் என்றார். மாத்திரையையும் சத்து டானிக்கையும் நிறுத்தச் சொன்னார், மதுவைத் தொடக் கூடாது என்றார், தேங்கிய இரும்பு குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு பை ரத்தம் எடுத்துவிட வேண்டும் என்றார். "முன்னாடியே கண்டுபிடிச்சா ஒண்ணும் ஆகாது. கூடப்பிறந்தவங்களையும் பிள்ளைங்களையும் உடனே டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்று தம்பிக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தை ஆலையில் என் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அப்போது என் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தோம். பரம்பரை நோய் என்று வெளியே தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று பயந்தேன். மனைவியிடமும் சொல்லவில்லை. ரத்ததானம் செய்யப் போகிறேன், ரத்ததான முகாமில் உதவப் போகிறேன் என்று மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் போனேன். அது ஆலைக்குத் தெரிந்து என் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டிக் கை தட்டினார்கள். நானும் கும்பிடு போட்டுக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அதற்கு அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த தம்பி, வண்டி ஓட்ட முடியாத அளவுக்கு அசதியாக இருப்பதாகச் சொன்னான். விஷயம் எதுவும் தெரியாத என் மனைவி, நான் மீதம் வைத்திருந்த இரும்பு மாத்திரைகளை எடுத்து வந்து, "உங்க அண்ணன் இப்ப போடுறதில்ல, வீணாத்தான் கிடக்கு. நீங்க போடுங்க தம்பி" என்று கொடுத்தாள். எதிர் நாற்காலியில் நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். என் கண் முன்னால் ஒன்றைப் போட்டுத் தண்ணீர் குடித்தான். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். பக்கத்தைத் திருப்பினேன். அதன் பின்பு அவனே வாங்கி ஒரு வருடத்துக்கும் மேல் சாப்பிட்டிருக்கிறான்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவன் கண் மஞ்சளாகி வயிறு உப்பியது. பணிமனையில் அவனுக்குத் 'தண்ணி வண்டி' என்று பெயர் வைத்தார்கள். தம்பி மனைவி என்னிடம் வந்து, "மாமா, எனக்குத் தெரியாமக் குடிக்கிறாரு. நீங்க கேட்டாத்தான் பயப்படுவாரு" என்று அழுதாள். மகளின் கல்யாணமும் முடிந்திருந்தது, அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் குடிக்காதே என்று அரை மணி நேரம் புத்தி சொன்னேன். "சத்தியமா நான் தொட்டதில்லண்ணே" என்றான். "சரி சரி, இனிமே பாத்து இருந்துக்க" என்றேன். அந்த நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

திங்கட்கிழமை ஓட்டிக்கொண்டிருந்தபோதே மயங்கியிருக்கிறான். பயணிகள் மூவருக்குக் காயம், அதில் ஒரு பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிவு. ஈரல் கெட்டிருப்பதைப் பார்த்து மருத்துவமனையில் குடியாக இருக்கலாம் என்று எழுதினார்கள். பணிமனையில் அவனைத் தற்காலிகமாக நீக்கிவிட்டுக் குடித்துவிட்டு ஓட்டினான் என்று புகார் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அங்குள்ள டாக்டரிடம் கொடுத்தேன். சோதித்துவிட்டு, இரும்புதான், இதயத்திலும் சேர்ந்திருக்கிறது, அதனால்தான் துடிப்பு தவறி மயங்கியிருக்கிறான் என்றார். கடிதத்தையும் சோதனை அறிக்கையையும் இத்துடன் ஒப்படைக்கிறேன்.

நேற்று மாலை தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனாள். தம்பி அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனோ, "நம்ம பொண்ணுக்கு டெஸ்ட் எடுத்துட்டியாண்ணே?" என்று கேட்டான். இல்லை என்றேன். "முதல்ல அவளைக் கூட்டிட்டுப் போ" என்றான். இன்று காலை மகளின் புகுந்த வீட்டுக்குப் போய் அனைவர் முன்னிலையிலும் சொல்லி, அவளை அழைத்துப் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுக்கச் செய்துவிட்டு நேராக இங்கு வந்தேன். முடிவு இன்னும் வரவில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். 'கவனக்குறைவால் தம்பியிடம் தெரிவிக்கத் தவறினேன்' என்று ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்தது. அதை அடித்துவிட்டு, 'தெரிந்தே மறைத்தேன்' என்று எழுதச் சொன்னேன். திருத்திய பின் அனைத்தும் உண்மை என்று ஒப்புக்கொண்டு, திருத்தத்தின் பக்கத்திலும் கீழேயும் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)