நூத்தி இருபத்திரெண்டு

— மறுபடியும் கெளம்பணுமா? இப்பதானே வந்து நின்னோம்.

— இந்த எடம் எனக்கு ஒத்துக்கலங்க. அந்தப் பக்கமே போயிடலாம், அந்த இருட்டுக் கூடாரத்துக்கு.

— நர்சம்மா, ஊரு ஒலகமே அங்க போடுற டெக்னோ இடியக் கேட்டு மண்ட காஞ்சுபோய்த்தான் இந்த மெதுவான டீப் ஹவுஸ் பாட்டு மேடைக்கு வந்து எளப்பாறும். நீ என்னடான்னா இங்க நெளியிற, அங்க போனா சாந்தமாயிடுற. பாத்துக்க, இது எங்கயும் இல்லாத கூத்து.

— அங்க நூத்தி முப்பத்தெட்டு. இங்க நூத்தி இருபத்திரெண்டு.

— எது?

— அடி. தாளம் ஒரு நிமிஷத்துக்கு எத்தன அடின்னு. ரெண்டு எடத்துலயும் வாட்ச்ச வச்சு எண்ணிட்டேன்.

— அடிப்பாவி. பதினொரு வருஷமா இந்தப் பாட்டு விழாவுக்கு நான் ஒத்தையா வந்துட்டுப் போறேன். இந்த வருஷம்தான் பொண்டாட்டியோட வந்திருக்கேன்னு பாக்குறவங்ககிட்டல்லாம் பீத்திக்கிட்டு இருக்கேன். நீ நாடி புடிச்சுப் பாத்துட்டு நிக்கிற.

— பதினாலு வருஷமா பிரசவ வார்டுல அதத்தானே பண்றேன். காது தானா எண்ணுது, அதுக்கு நான் என்ன பண்ண? கேட்டுக்கோங்க, வயித்துல இருக்கிற கொழந்தைக்கு நூத்திப் பத்துக்குக் கீழ எறங்கக் கூடாது, நூத்தி அறுபதுக்கு மேல ஏறக் கூடாது. முக்காவாசி நூத்தி நாப்பது பக்கத்துல ஓடும். அந்தக் கூடாரத்துல அந்த டிஜே பொண்ணு போடுறது அதே வேகம்.

— டெக்னோ கேட்டுட்டு கொழந்தை நல்லா இருக்குன்னு சொன்ன மொத ஆளு நீதான்.

— சிரிக்காதீங்க. எனக்கு நெசமாவே புடிச்சிருக்கு. ஒரே ஒரு சத்தத்த எடுத்துட்டு இழுத்துக்கிட்டே போனா பாருங்க, இப்ப விடுவா, இப்ப விடுவான்னு மொத்தக் கூட்டமும் கைய மேல தூக்கிட்டு நிக்குது, அவ விடவே மாட்டேங்கிறா. எங்க வார்டுல கடைசி அர மணி நேரம் அப்படித்தான் இருக்கும். அப்பறம் ஒரு அடி எறங்குச்சே, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

— அப்படிச் சொல்லு. இத என்கிட்ட வீட்டுல ஒரு நாள் சொல்லியிருந்தா ஹெட்போன் போட்டுக்கிட்டு ஒளிஞ்சு கேட்டிருக்க மாட்டேன். சரி, இந்த மேடையில உனக்கு என்ன கொறச்சல்?

— கொறச்சல் ஒண்ணுமில்ல. சும்மா இருக்கிற மனுஷனுக்கு எழுபது, எம்பது ஓடும். நூத்தி இருபத்திரெண்டுன்னா மாடிப்படி ஏறி ஓடிவந்த ஆளோட நாடி. கேக்கக் கேக்க எதையோ வீட்டுல மறந்து வச்சுட்டு வந்த மாதிரியே இருக்கு.

— கேஸ அணைச்சேன். கதவப் பூட்டுனேன். ரெண்டு தடவ இழுத்தும் பாத்தேன்.

— அது இல்லங்க.

— அப்ப ஒரு பத்து நிமிஷம் பொறு. அஞ்சு மணிக்கு நம்ம டிஜே நரைமுடிக்காரர் மேடை ஏறுறார். அவரக் கேக்கத்தான் மூணு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தேன். அதுவரைக்கும் அப்படி அந்தத் தண்ணிக் கொழாய்கிட்ட நிப்போம், பேசுறதும் கேக்கும், பாட்டும் கேக்கும். காதுல வச்ச பஞ்ச எடுத்துடாத.

— எடுக்கல.

— அப்படியே என் மணிக்கட்டையும் கொஞ்சம் விடு. வந்ததுலேருந்து புடிச்ச புடிய விடல. புதுசா கல்யாணம் ஆனப்பகூட என் கைய நீ இப்படிப் புடிச்சதில்ல.

— ரொம்பத்தான் நெனப்பு. ஆசையில புடிக்கல, பழக்கம். வயித்துல பெல்ட்டக் கட்டி கொழந்தையோட துடிப்பக் கேக்குறப்போ, அம்மாவோட மணிக்கட்டுல வெரல வச்சிருப்பேன். ரெண்டும் வேற வேறயா ஓடணும்.

— ஒண்ணா ஓடுனா?

— மிஷின் கொழந்தைய விட்டுட்டு அம்மாவ எண்ணிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். பெல்ட்டு ஒரு வெரக்கட நழுவுனாப் போதும். நம்பர் பாட்டுக்கு அழகா வந்துட்டே இருக்கும்.

— எங்க டிஜே ஆளுங்க இங்க பண்றதும் அதே வித்ததான். பாத்துக்க, இப்ப மேடையில இருக்கிறவரு ஒரு பாட்டுலேருந்து இன்னொண்ணுக்குப் போறார். ரெண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டாந்து, ஒண்ணு மேல ஒண்ண ஓட விட்டுட்டு, கீழ தும் தும்முன்னு இடிக்கிற பேஸ மட்டும் மெதுவா மாத்துவார். நல்லா சர்வீஸ் பண்ணுன லிஃப்டுல போனா மாடி வந்ததே தெரியாதுல்ல, அந்த மாதிரி. சொல்லு, இப்ப நீ கேக்குறது பழைய பாட்டா, புதுப் பாட்டா?

— தெரியல.

— தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது. அதான் டீப் ஹவுஸ். நாம பழைய பாட்டத்தான் கேட்டுக்கிட்டு இருக்கோம்னு நெனச்சுட்டு இருப்போம், அது போய் ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். என்ன, ஏன் மொகம் மாறிடுச்சு? தண்ணி குடி.

— காலையில கடைசியா ஒரு அம்மா வந்தாங்க.

— யாரு?

— பேஷன்ட். எட்டு மாசம் முடிஞ்சிருக்கு. முதுகு வலிக்குது, கொழந்தை அசையறது கொறஞ்ச மாதிரி இருக்குன்னாங்க. பெல்ட்டு கட்டிப் படுக்க வச்சேன். இருபது நிமிஷம் ஓட்டுனேன்.

— சரி.

— நூத்தி இருபத்திரெண்டு. விட்டா நூத்தி இருபத்திமூணு. காகிதத்துல ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி போச்சு. கொழந்தை ஜம்முனு இருக்கும்மான்னு சொல்லி, கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டேன்.

— நீதானே சொன்ன, நூத்திப் பத்துக்கு மேல இருந்தா சரின்னு.

— நான் அவங்க மணிக்கட்டத் தொடல.

— மறந்திருப்ப. பழக்கம்னா கை தானாப் போயிருக்கும்.

— போகலங்க. அந்தக் கையில போன் இருந்துச்சு. நீங்கதான் கூப்புட்டீங்க. நாலாவது தடவ.

— நானா?

— வண்டி ஆஸ்பத்திரி கேட்டுல நிக்குது, செக்யூரிட்டி வெரட்டுறான், இன்னும் அஞ்சு நிமிஷத்துல வரலேன்னா நரைமுடிக்காரரோட மொதப் பாட்டு போயிடும்னீங்க. இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்னு சொல்லிக்கிட்டே நான் மிஷின்லேருந்து காகிதத்தக் கிழிச்சேன். நான் எண்ணுனது கொழந்தைய இல்லங்க. அந்தக் கொழந்தைக்கு துடிப்பு இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியாது.

— பதறாத. மொதல்ல வார்டுக்குப் போன் போடு.

— டவர் இல்ல. ஒரு கோடுகூட இல்ல.

— இத்தன ஆயிரம் பேரு ஒரே நேரத்துல வீடியோ அனுப்புனா எங்கேருந்து கெடைக்கும்? என்னோடதுலயும் இல்ல. முதலுதவிக் கூடாரத்துல கேப்போமா?

— அங்க வாக்கி டாக்கிதான் வச்சிருக்காங்க, வர்றப்பவே பாத்தேன். வெளிய போகணும். ரோட்டுக்குப் போனாக் கெடைக்கும்.

— வெளிய போனாத் திரும்ப உள்ள விட மாட்டான். டிக்கெட்டுக்குன்னு கையில கட்டுன பட்டைய வெட்டிடுவான்.

— நீங்க இருங்க. நான் மட்டும் போயிட்டு வண்டிகிட்ட நிக்கிறேன். ஒரு வருஷமா காத்துட்டு இருந்தீங்க.

— பேசாம நட. இந்தப் பக்கம், இந்தக் கம்பி வேலிய ஒட்டியே போனாக் கூட்டம் கொறச்சல். என் சட்டையப் புடிச்சுக்க. தம்பி, கொஞ்சம் வழி விடுங்க. அவசரம்ப்பா, நகருங்க.

— ஏறிட்டாரு போலிருக்கு. கூட்டம் கத்துது.

— ஏறட்டும். சார், எங்க ரெண்டு பேரோட பட்டையையும் வெட்டிடுங்க. தெரியும் சார், திரும்ப வர முடியாதுன்னு தெரியும். வெட்டுங்க சார் சீக்கிரம்.

— ஒரு கோடு வந்துடுச்சு. போகுது, ரிங் போகுது. அக்கா, நான்தான்க்கா. கேட்டுக்கோங்க, காலையில கடைசியா ஒரு அம்மாவுக்கு நான் பாத்தேன்ல, முதுகு வலின்னு வந்தவங்க. அந்தக் காகிதம் தப்புக்கா. நாடி ஒத்துப் பாக்காம எழுதிட்டேன். ஆமாக்கா. ஆமா, நான்தான். அவங்க நம்பர் பதிவேட்டுல இருக்கும், ஒடனே கூப்புடுங்க. இல்லக்கா, அவ்வளவு தூரம் திரும்ப வரணும்னா நேரமாயிடும். வீட்டுப் பக்கத்துலயே ஒரு கிளினிக் இருக்குன்னு சொன்னாங்க. அங்க கையில புடிச்சுக் கேக்குற சின்ன மிஷின் இருக்கும். கொழந்தையோட துடிப்ப மட்டும் பாத்துச் சொல்லச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம், கொழந்தையோடது மட்டும் போதும். சரிக்கா. போனக் கையிலயே வச்சிருக்கேன்.

— என்ன சொன்னாங்க?

— கூப்புட்டுட்டுச் சொல்றேன்னாங்க. ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தாலும் பரவாயில்ல.

— வா, இந்தக் கட்டச் செவுத்துல உக்காரு.

— உக்கார முடியாது.

— அப்ப நட. நானும் கூட நடக்குறேன். தப்பு என்னோடது. மூணு தடவ கூப்புட்டும் நீ எடுக்கலேன்னா வேலையா இருக்கன்னு ஒரு சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குப் பாட்டு முக்கியமாப் போச்சு.

— போன நான் எடுக்காம இருந்திருக்கலாம்ல. ஆசையா இருந்துச்சு எனக்கும். அதச் சொல்லுங்க. சின்னப் பிள்ள மாதிரி காலையிலேருந்து குதிச்சுட்டு இருந்தேன். அந்தம்மா வேற பெல்ட்டு கட்டுன அஞ்சாவது நிமிஷமே தூங்கிப் போயிட்டாங்க. அசையாமப் படுத்துத் தூங்குறாங்க, எனக்கு வேல சுலபமாப் போச்சுன்னு சந்தோஷப்பட்டேன்.

— வெயில்ல வந்த களைப்பா இருக்கும்.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். மொகமெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு. எழுப்புனப்போ ரெண்டு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சாங்க. கொழந்தை நல்லா இருக்குல்ல சிஸ்டர்னு ரெண்டு தடவ கேட்டாங்க. நான் ரெண்டு தடவயும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டுனேன்.

— போதும், போட்டு வதைக்காத.

— எவ்வளவு நேரமாச்சு?

— இருபது நிமிஷம்.

— இருபது நிமிஷம்தானா? அந்த வாட்ச்சு சரியா ஓடுதா?

— ஓடுது. இந்தா, என் மணிக்கட்டப் புடிச்சுக்க. எண்ணு. எதையாவது எண்ணிட்டு இரு.

— நூத்தி நாலு. ஒங்களுக்கும் பயமாத்தான் இருக்கு.

— பின்ன இருக்காதா? லிஃப்டுல ஆளு மாட்டிக்கிட்டான்னு ராத்திரி பகலா போன் வரும் எனக்கு. ஆனா அங்க நான் கயித்தப் புடிச்சு ஏதாவது செய்யலாம். இங்க ஒண்ணும் செய்ய முடியாம நிக்கிறோம் பாரு, அதான் கொல்லுது.

— அக்காதான். ஹலோ. சொல்லுங்கக்கா. எப்ப? சரி. சரிக்கா. எத்தன? இன்னொரு தடவ சொல்லுங்க.

— என்னவாம்?

— இருங்க. அக்கா, கிளினிக்குல அவங்களே காதால கேட்டாங்களா? கொழந்தை ஒதைக்குதா? தேங்க்ஸ்க்கா. நாளைக்கு வந்து நானே எழுதிக் குடுத்துடறேன். என்ன பண்ணணுமோ பண்ணிக்கோங்க. தேங்க்ஸ்.

— சொல்லித் தொலையேன்.

— நூத்தி நாப்பத்தி நாலு. கொழந்தைக்கு நூத்தி நாப்பத்தி நாலு. நல்லா ஒதைக்குதாம். கேட்டுட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கச் சொல்லி அனுப்பிட்டாங்களாம்.

— அப்பாடா. அழு, நல்லா அழுதுடு. யாரு பாக்கப் போறா, வண்டிங்கதான் நிக்குது.

— என் வேல போனாலும் போகட்டும். கொழந்தை இருக்குல்ல, அது போதும்.

— போகாது. நீயாத்தானே கூப்புட்டுச் சொன்ன. மூக்கத் தொட. இங்கேருந்தே கேக்குது பாரு. பியானோ வராது, பேஸ் மட்டும் செவுத்தத் தாண்டி வருது. கைய வை, செவுரு நடுங்குது.

— ஆமா, நடுங்குது. ஒங்க நரைமுடிக்காரரோட பாட்ட நான் கெடுத்துட்டேன்.

— கெட்டா கெட்டுப் போகுது. பதினொரு வருஷம் உள்ள நின்னு கேட்டேன், ஒரு தடவ வெளிய நின்னு கேக்குறேன். வா, இங்க ஆடுவோம். இந்த ரெண்டு வண்டிக்கு நடுவுல எடம் இருக்கு.

— எனக்கு ஆடத் தெரியாது.

— எனக்கு மட்டும்? தோள ஆட்டு, கால் தன்னால வரும். அவ்வளவுதான். பாத்துக்க, உனக்கு நல்லாவே வருது.

— இதுவும் அதே நூத்தி இருபத்திரெண்டுதான். இப்ப தொரத்துற மாதிரி இல்ல.

— ஒரு சந்தேகம் கேக்கட்டுமா? மெக்கானிக்கு புத்தி, ஒரு நட்டு மிஞ்சுனாத் தூக்கம் வராது.

— கேளுங்க.

— கொழந்தைக்கு நூத்தி நாப்பத்தி நாலுன்னா, காலையில மிஷின் காட்டுனது கொழந்தையோடது இல்ல.

— இல்ல. பெல்ட்டு நழுவியிருக்கு. மொத்த நேரமும் அம்மாவத்தான் எண்ணியிருக்கு. அதான் சரியாப் போச்சே.

— அந்தம்மா அசையாமத் தூங்கிக்கிட்டு இருந்தாங்கன்னு சொன்ன.

— ஆமா.

— தூங்குற மனுஷிக்கு எதுக்கும்மா நூத்தி இருபத்திரெண்டு?