சாவி போடாத வண்டி

– சேர் வேண்டாம்மா சரசு, நின்னுண்டே சொல்லிட்டுப் போயிடறேன். பெருமாள்சாமி, நாளைக்குக் கார்த்தால ஆத்துக்கு வந்துடு. அனுஷா உன்னைப் பாக்கணுங்கறா.

– அமெரிக்காவுலேர்ந்து பாப்பா எப்ப சார் வந்தாங்க?

– நேத்து வந்தா. அம்மா எப்படிப் போனா, அம்மா எப்படிப் போனான்னு இதே பேச்சு. புது கார் போர்ட்டிகோல நிக்கறது, டிரைவரும் வாசல்லயே இருந்தான், அப்புறம் அம்மாவ எதுக்கு ஆட்டோல கொண்டு போனாங்கறா.

– நீங்க என்னா சொன்னீங்க?

– சாவி உங்கிட்ட இருந்தது, எங்கேயோ தொலைச்சுட்டேன்னு சொல்லியிருக்கேன். நீயும் அதையே சொல்லிடு. அவ்ளோதான்.

– நல்லா இருக்கே கதை! வண்டி சாவிய இவரு கண்ணாலயாவது பாத்திருக்காரா?

– சரசு, நீ சும்மா இரு.

– எதுக்கு சும்மா இருக்கணும்? பதினஞ்சு நாளா நீ வேற வேல தேடி கோரமங்களா பூரா அலையறே. ஸ்ரீகண்டன் சார் வீட்டு டிரைவராப்பா நீன்னு கேட்டுட்டு கதவ சாத்தறாங்க. அந்தம்மாவ சாவடிச்சவன்னு வாட்ச்மேன்கூட பேசறான். பழியப் போட என் புருசன் தலதான் கெடச்சுதா உங்களுக்கு?

– ஸ்வல்ப மெதுவா பேசும்மா. பக்கத்து வீட்ல கேக்கப் போறது.

– கேக்கட்டுமே! ஈஜிபுரா பூரா கேக்கட்டும்!

– பெருமாள்சாமி, நீயே சொல்லு. டெல்லி ஃப்ளைட்டுக்கு அவசரம், பாக்கெட்ல சாவி இருந்ததையே மறந்துட்டேன். எறங்கறப்போ நீயாவது ஞாபகப்படுத்தியிருக்கலாமோல்லியோ?

– எப்டி சார் ஞாபகம் வரும்? பழைய வண்டின்னா சாவி போட்டுத் திருப்பணும். இதுல சாவி உங்க பாக்கெட்ல இருந்தாலே கதவு தொறக்குது, பட்டன அமுக்குனா ஸ்டார்ட் ஆவுது. வாங்குன நாள்லேர்ந்து நீங்க அத பாக்கெட்ல வெச்சிக்கிட்டு பின்னாடி உக்காருவீங்க, நான் ஓட்டுவேன். என் கையில குடுத்ததே இல்ல.

– அது சரி. ஆனா நான் எறங்கினப்புறமும் ஓடித்தே?

– ஒருவாட்டி ஸ்டார்ட் ஆயிட்டா சாவி போயிட்டாலும் ஓடும்னு எனக்கென்னா தெரியும்? பீப் பீப்னு சத்தம் வந்துச்சு. சத்தியமா, கதவு சரியா சாத்தலன்னு நெனச்சேன். பின்னாடி ஒருத்தர் ‘ஹோகி, ஹோகி’ன்னு வெரட்டறாரு. கெளம்பிட்டேன். தேவனஹள்ளி ஏர்போர்ட்லேர்ந்து வீடு வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு. போர்ட்டிகோல ஆஃப் பண்ணேன். அதோட சரி.

– ஆஃப் பண்ணாம இருந்திருந்தா...

– சார்! வீட்டுக்கு வந்தப்புறம் வண்டிய ஓட விட்டுட்டு யாராவது போவாங்களா?

– இல்லே, இல்லே. தப்பு. நான் என்ன பேசறேன்னு எனக்கே தெரியலே.

– பதினோரு மணிக்கு அம்மா நெஞ்ச புடிச்சிக்கிட்டு வெளிய வந்தாங்க. வேர்த்துக் கொட்டுது. பின் சீட்ல சாய வெச்சிட்டு பட்டன அமுக்கறேன், அமுக்கறேன், சாவி இல்லன்னு எழுத்து வருது. உங்க போன் ஆஃப். இன்னொரு சாவி எங்கம்மான்னேன். சார் பேங்க் லாக்கர்ல வெச்சிருக்காருன்னாங்க. ஆம்புலன்சுக்கு அடிச்சா, டிராஃபிக்ல நிக்கறோங்கறாங்க. சிக்னல் வரைக்கும் ஓடிப் போயி ஆட்டோ கொண்டாரதுக்குள்ள இருவது நிமிசம் போச்சு சார். ஆஸ்பத்திரி கேட்டுல நொழையறப்ப மூச்சு நின்னுபோச்சு. என் தோள்லதான் சாஞ்சிருந்தாங்க.

– தெரியும். ஒரு கால் மணி முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் என்கிட்ட சொன்னார்.

– அப்ப அந்த நெசத்தையே பொண்ணு கிட்ட சொல்லுங்களேன் சார். மறந்து எடுத்துட்டுப் போயிட்டீங்க. மறதி யாருக்கு இல்ல?

– அவ என்னை மன்னிக்க மாட்டாம்மா. இனிமே எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான். அவளும் மூஞ்சியத் திருப்பிண்டு ஏரோப்ளேன் ஏறிட்டா, அந்த வீட்ல நான் யாரைப் பாத்துண்டு உக்காந்திருப்பேன்? பெருமாள்சாமி, உன் கால்ல வேணும்னாலும் விழறேன்.

– ஐயோ, எழுந்திரிங்க சார்! வேணாம்! நீங்க கேக்கவே வேணாம். பாப்பா மத்தியானமே எனக்கு போன் பண்ணாங்க. சாவிய நான்தான் தொலைச்சேன்னு சொல்லிட்டேன்.

– அடப்பாவி! என்கிட்டகூட சொல்லாம? உனக்கு என்னா பைத்தியமா புடிச்சிருக்கு?

– அம்மா சொன்னாங்க சரசு.

– எந்த அம்மா?

– மங்களம் அம்மாதான். ஆட்டோல வர்றப்ப. ‘சாவி அவர் பாக்கெட்லதான் போயிருக்கும் பெருமாள்சாமி. பொண்ணுக்குத் தெரிஞ்சா அவரோட பேச மாட்டா. நீ தொலைச்சதா சொல்லிடுப்பா. திட்டினா எனக்காக வாங்கிக்கோ’ன்னு கையப் புடிச்சாங்க. உசுரு போற நேரத்துல முடியாதுன்னா சொல்ல முடியும்? சத்தியம் பண்ணிக் குடுத்தேன்.

– மங்களமா? அந்த நெலமைலயா?

– ஆமா சார். அவர் மறதிக்காரர், தெரிஞ்சு ஒரு எறும்புக்குக்கூட கெடுதல் நெனைக்க மாட்டார்னாங்க. அதுக்கப்புறம் பேசல.

– போதும். நிறுத்து.

– அழாதீங்க சார். சரசு, தண்ணி கொண்டா. மறந்ததுக்குப் போயி இப்டி அழுதா எப்டி சார்?

– நான் மறக்கலே, பெருமாள்சாமி. செக்யூரிட்டில தட்டுல போடறப்பவே சாவியப் பாத்துட்டேன், ஃப்ளைட்டுக்கு முக்கால் மணி இருந்துது, உன்னைத் திரும்பி வரச் சொல்றதுக்கு போனைக்கூட எடுத்தேன்... நான் ஊர்ல இல்லாத நாலு நாளும் நீ வண்டிய எடுத்துண்டு சுத்துவே, கெடக்கட்டும் அங்கேயேன்னு சாவியத் திரும்பவும் பாக்கெட்ல போட்டுண்டுட்டேன்.